இரண்டரை டன் மண்: ஒரு சவான்னா உடும்பின் கூண்டை மாற்றி அமைத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உரியது பதினான்கு மாத வயதுடைய ஒரு சவான்னா உடும்பு. முதல் பரிசோதனை நாளில் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 68 செ.மீ. நீளம், 1,340 கிராம் எடை. வளர்ப்பவர்கள் ஒரு தம்பதி. வீடு அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில். சிறிய பாலைநிலப் பல்லிகளைப் பல ஆண்டுகள் நல்லபடியாக வளர்த்தவர்கள் அவர்கள். உடும்பை வாங்கியபோது அது ஒரு சாண் நீளம்கூட இல்லாத குஞ்சு. பல்லிக்குச் சரியாக இருந்த ஏற்பாட்டையே கொஞ்சம் பெரிதாக்கி இதற்கும் கொடுத்தார்கள். சிக்கல் தொடங்கியது அங்கேதான்.

சவான்னா உடும்பு சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்கப் புல்வெளிகளைச் சேர்ந்தது. நன்கு வளர்ந்தது பெரும்பாலும் 80 முதல் 110 செ.மீ. வரை இருக்கும். அது வளையில் வாழும் விலங்கு. மேலே நிலம் வெடித்துக் காய்ந்து கிடக்கும் மாதங்களிலும் வளைக்குள் காற்று ஈரமாகவே இருக்கும். 'வறண்ட புல்வெளி விலங்குக்கு வறண்ட கூண்டு' என்ற கணக்கு தவறுவது இதனால்தான். வறண்டிருப்பது நிலத்தின் மேற்பரப்பு. உடும்பு தன் நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது அதற்கு அடியில்.

சட்டம் பற்றி ஒரு குறிப்பு அவசியம். உடும்பினங்கள் எல்லாமே, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ளன. சவான்னா உடும்பு இரண்டாம் இணைப்பில் இருக்கிறது; வங்க உடும்பும் மஞ்சள் உடும்பும் அதைவிடக் கடுமையான முதல் இணைப்பில். இங்கே சொல்லப்படுவது முறையான ஆவணங்களோடு வாங்கப்பட்ட, பண்ணையில் முட்டையிலிருந்து பொரிந்து வந்த விலங்கைப் பற்றி மட்டுமே. காட்டிலோ வயலிலோ பிடித்த உடும்பை வைத்திருப்பதற்கு இதை வழிகாட்டியாகக் கொள்ளக் கூடாது.

பழைய கூண்டு

120 × 60 × 60 செ.மீ. அளவுள்ள கண்ணாடித் தொட்டி, மேலே முழுக்கக் கம்பிவலை மூடி. தரையில் 8 செ.மீ. உயரத்துக்கு உலர்ந்த மரப்பட்டைத் துகள். ஒரு மூலையில் குவிந்த ஒளி வீசும் 150 வாட் விளக்கு ஒன்று. வலை மூடியின் மேல், வெயிலில் உள்ள புறஊதாக் கதிரைத் தரும் சிறிய யு.வி.பி. விளக்கு. கண்ணாடியில் ஒட்டிய வட்ட வெப்பமானி எப்போதும் 32 டிகிரி செல்சியஸ் காட்டும். ஒரு பாதி மரக்கட்டை, ஒரு தண்ணீர்க் கிண்ணம். உணவு வாரம் மூன்று முறை எலி, இடையிடையே முட்டை.

பார்ப்பதற்குச் சுத்தமான, ஒழுங்கான தொட்டிதான். வளர்ப்பவர்களின் அக்கறையில் எந்தக் குறையும் இல்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கவனித்தவை

மருத்துவரிடம் கொண்டுபோகக் காரணம் வாலின் நுனி. கடைசி 4 செ.மீ. கறுத்து, காய்ந்த மிளகாய்க் காம்பைப் போல் விறைத்திருந்தது. உடலை முழுக்கப் பார்த்தபோது வேறு பலவும் தெரிந்தன. வலது முன்காலின் நான்காம் விரலில் உரியாத பழைய தோல் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வளையங்களாய்க் கெட்டிப்பட்டிருந்தது. வளையத்துக்குக் கீழே விரல் வீங்கி, நகத்தடியில் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. இன்னும் சில வாரம் போயிருந்தால் அந்த விரல் உதிர்ந்திருக்கும். முதுகின் நடுவில் தீப்பெட்டி அளவில் செதில்கள் பழுப்பேறிச் சொரசொரத்திருந்தன: ஆறிய தீக்காயம், அதன்மேல் மறுபடியும் தீக்காயம். மூக்கின் முன்பகுதி தேய்ந்து தோல் வழன்றிருந்தது. வயிறு தரையில் இழுபட்டது. வாலடியில் கொழுப்பு திரண்டிருந்தது.

இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் இயல்பு வரம்புக்கு மேல். புரத உணவு உண்டபின் ஊர்வனவற்றில் இந்த அளவு தானாகவே ஏறும் என்பதால், நான்கு நாள் உணவு நிறுத்தி மீண்டும் எடுக்கப்பட்டது. அப்போதும் குறையவில்லை. நீண்டகால நீர்ச்சத்துக் குறைவு என்று மருத்துவர் முடிவு செய்தார். 'கிண்ணத்தில்தான் எப்போதும் தண்ணீர் இருக்கிறதே' என்பது வளர்ப்பவர்களின் கேள்வி. தண்ணீர் இருந்தது உண்மை. ஆனால் வலை மூடிக்குக் கீழே எரியும் விளக்கு சூடான காற்றை ஓயாமல் மேலே தள்ள, தொட்டிக்குள் ஈரப்பதம் 20 முதல் 25 சதவீதம்தான் இருந்தது. ஒவ்வொரு மூச்சிலும் உடும்பு இழக்கும் நீரைக் கிண்ணம் ஈடுகட்டாது.

அகச்சிவப்பு வெப்பமானியைத் துப்பாக்கிபோல் நீட்டி அளந்தபோது தீக்காயத்தின் கதையும் விளங்கியது. விளக்குக்கு நேர் கீழே 71 டிகிரி. அந்தச் சூட்டு வட்டத்தின் விட்டம் 10 செ.மீ. மட்டும். வட்டத்தைத் தாண்டியதும் 34. பலர் இதைப் பார்த்துவிட்டு 'சூடு அதிகம், விளக்கைக் குறைக்கலாம்' என்று முடிவு செய்வார்கள். உண்மையில் குறை வெப்பத்தில் இல்லை, வட்டத்தின் அளவில் இருக்கிறது. உடும்பு தன் உள்ளுடல் வெப்பம் 36 டிகிரியை ஒட்டி வரும்வரை குளிர்காயும். முதுகில் உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் சூடு விழுந்தால் மொத்த உடலும் சூடேற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை அது நகராது. அந்தச் சிறு இடம் வெந்துபோகும். அதே வெப்பம் கழுத்திலிருந்து வாலடி வரை ஒரே சீராக விழுந்தால் பத்து இருபது நிமிடத்தில் வேலை முடிந்து எழுந்து போய்விடும்.

மூன்று நாள் கேமரா பதிவும் எடுக்கப்பட்டது. விளக்கு எரியும் பன்னிரண்டு மணி நேரத்தில் சராசரியாக ஐந்தரை மணி நேரம் அது பின்புற வலது மூலையில் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. மரத்துகளை விலக்கும், நகம் கண்ணாடித் தரையில் வழுக்கும், மறுபடி தொடங்கும். 'வெளியே வரத் துடிக்கிறது' என்று எண்ணி வளர்ப்பவர்கள் தினமும் அதை அறைக்குள் உலவ விட்டார்கள். அறையின் வெப்பம் 23 டிகிரி. உடும்பு சோபாவுக்கு அடியில் போய் அசையாமல் கிடக்கும். அது தேடியது வெளியை அல்ல, ஆழத்தை.

காத்திருக்க முடியாத ஏழு வாரம்

புதிய கூண்டு ஆயத்தமாக ஏழு வாரம் ஆகும் என்று தெரிந்ததும் பழைய தொட்டியில் அன்றே சில மாற்றங்கள் செய்யப்பட்டன. வலை மூடியில் முக்கால் பங்கு அலுமினியத் தாள் சுற்றிய பலகையால் மூடப்பட்டது. விளக்குகளைச் சுற்றி ஒரு சாண் இடம் திறந்தே விடப்பட்டது. குவிந்த விளக்கு போய், அகல ஒளி வீசும் 75 வாட் ஹாலோஜன் விளக்குகள் இரண்டு அருகருகே வந்தன. 60 × 40 × 40 செ.மீ. பிளாஸ்டிக் பெட்டியில் ஈர மண் நிரப்பி, மூடியில் 15 செ.மீ. துளையிட்டு உள்ளே வைக்கப்பட்டது. மூன்று பக்கக் கண்ணாடிக்கும் வெளியே காகிதம் ஒட்டப்பட்டது. விரல் வளையங்களை வெதுவெதுப்பான ஈரத்துணியில் அரை மணி ஊறவைத்து, முனை மழுங்கிய இடுக்கியால் நாளைக்கு ஒன்றாக மருத்துவரே எடுத்தார். காய்ந்தபடியே பிய்த்தால் அடியில் உள்ள புதுத்தோலும் சேர்ந்து வந்துவிடும்.

பெட்டியை வைத்த முதல் இரவே உடும்பு மண்ணுக்குள் போய்விட்டது. அடுத்த இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. அது பார்த்து மனம் தேற வேண்டிய ஒரு காட்சி.

எந்தக் கூண்டு

முதலில் நினைத்தது 180 செ.மீ. நீளக் கண்ணாடித் தொட்டி. தொட்டியின் உயரம் முழுக்க மண் போட்டால் விலங்குக்கு இடமில்லை; இடம் விட்டால் மண்ணுக்கு ஆழமில்லை. அது உடனே விலக்கப்பட்டது.

இரண்டாவது, ஆயத்தமாகக் கிடைக்கும் 240 × 120 × 120 செ.மீ. பி.வி.சி. கூண்டு. நீள அகலம் சரி. இந்த இனத்துக்கு அதற்குக் குறைந்த தரைப்பரப்பு போதாது என்பதே அனுபவமுள்ளவர்களின் கணிப்பு. ஆனால் கதவுக்குக் கீழே மண் தேக்கும் விளிம்பு 25 செ.மீ.தான். அந்த ஆழத்தில் உடும்பு தோண்டும்; வளை நிற்காது. கூரைக்கு மேல் ஒரு சாண் மண்ணாவது இருந்தால்தான் வளை சரியாமல் நிற்கும். வளையின் உயரம் 10 முதல் 12 செ.மீ.; அதற்குக் கீழேயும் குளிர்ந்த ஈர மண் இருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் 50 செ.மீ. ஆகிறது. 60 என்று வைத்துக்கொள்வது நல்லது.

இங்கேதான் இந்த நிகழ்வு திரும்பியது. 2.4 × 1.2 மீட்டர் தரையில் 0.6 மீட்டர் ஆழ மண் என்றால் 1.73 கன மீட்டர். இறுக்கிய ஈர மண் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,500 கிலோ. மொத்தம் 2,600 கிலோ. ஒரு சதுர மீட்டருக்கு 900 கிலோ. குடியிருப்புகளின் மாடித் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ சுமைக்குத்தான் கணக்கிடப்படுகிறது. கூண்டு வாங்க நினைப்பவர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்துவிட்டு எடையை மறந்துவிடுகிறார்கள். நான்கில் இதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

மாடியில் வைத்தே தீர வேண்டும் என்றால் ஆழத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் பழைய சிக்கல் திரும்பும். தென்னை நார்த்தூள் போட்டால் எடை குறையும், ஆனால் அதில் வளை நிற்காது. மண்ணோடு சமரசம் செய்ய இயலாது என்பதால் இரண்டு வழிகளே மிஞ்சின: தரைத்தளத்தில் இடம் பிடிப்பது, அல்லது ஏற்கெனவே அப்படி வசதி உள்ள ஒருவரிடம் உடும்பை ஒப்படைப்பது. இரண்டாவதை வளர்ப்பவர்கள் உண்மையாகவே யோசித்தார்கள், ஒருவரிடம் பேசியும் வைத்தார்கள். பிறகு அதே கட்டடத்தில் தங்களுக்கு உரிய தரைத்தளப் பண்டக அறையைக் காலி செய்ய முடிவெடுத்தார்கள். அறையின் தரை நேரே நிலத்தின் மேல் போட்ட கான்கிரீட். கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சம்மதித்த பிறகே வேலை தொடங்கியது.

கட்டிய விதம்

உட்புற அளவு 240 × 120 × 165 செ.மீ.; கீழே 60 மண், மேலே 105 வெற்றிடம். பலகை 18 மி.மீ. ப்ளைவுட். கான்கிரீட் தரை மண்ணின் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் அடியில் 5 செ.மீ. தடிப்புள்ள அழுத்த பாலிஸ்டைரீன் பலகை போடப்பட்டது. மணி மணியாக உதிரும் வெள்ளைத் தெர்மோகோல் அதைவிட எளிதில் அமுங்கும்.

மண் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. 60 செ.மீ. உயர மண் 2.4 மீட்டர் நீள முன்பலகையைப் பக்கவாட்டில் ஏறத்தாழ கால் டன் விசையோடு தள்ளும். ஆகவே வெளிப்புறம் 40 செ.மீ.க்கு ஒன்றாக 5 × 10 செ.மீ. மரச்சட்டங்கள் செங்குத்தாக நிறுத்தப்பட்டன. மண் மட்டத்தை ஒட்டி இரும்பு ஆங்கிள் ஒன்று குறுக்கே போல்ட் செய்யப்பட்டது. உட்புறம் முழுக்க இரண்டு கை எபாக்சி பூச்சு. மண் தங்கும் பகுதிக்கு அதன்மேல் குளங்களுக்கு விரிக்கும் ரப்பர் விரிப்பு, வெட்டாமல் மடித்து, 65 செ.மீ. உயரம் வரை. மூலையில் மடிப்பதற்குப் பதில் வெட்டி ஒட்டினால் ஓராண்டுக்குள் அந்த ஒட்டு வழியே ஈரம் இறங்கிப் பலகை உப்பும். எபாக்சி பூசிப் பத்து நாள் காயவிட்டு, பிறகு ஐந்து நாள் விளக்குகளை எரியவிட்டு, வாடை முழுக்கப் போன பின்புதான் மண் கொட்டினார்கள்.

கதவு கீலில் திறக்கும் இரட்டைக் கண்ணாடிக் கதவு, 6 மி.மீ. உறுதியூட்டிய கண்ணாடி. நழுவும் கதவு வேண்டாம் என்பதற்குக் காரணம் இரண்டு: தண்டவாளத்தில் மண் அடைக்கும், உடும்பு நகத்தைக் கொடுத்துத் தள்ளித் திறந்துவிடும். உடும்புப் பிடி என்பது வெறும் பேச்சல்ல. ஒவ்வொரு கதவுக்கும் மேலும் கீழும் சாவித் தாழ் போடப்பட்டது. காற்றுத் துளைகள் 10 × 5 செ.மீ. அளவில் இரண்டே இரண்டு, மூடித் திறக்கும் வகையில். இது போதுமா என்று பார்ப்பவர்கள் தயங்குவார்கள். அன்றாடம் கதவைத் திறந்து மூடும்போது மாறும் காற்றே இந்தக் கன அளவுக்குப் போதும். துளை பெருகப் பெருக மண் காயும்.

மண்

முதலில் தோட்டத்து மேல்மண்ணைக் குப்பியில் போட்டுச் சோதித்தார்கள். கண்ணாடிக் குப்பியில் பாதி மண், பாதி நீர், நன்றாகக் குலுக்கி வைத்தால் ஒரு நிமிடத்தில் மணல் படியும், சில மணி நேரத்தில் வண்டல், ஒரு நாள் கழித்துக் களி. படிந்த அடுக்குகளை அளவுகோலால் அளந்ததில் மணல் 40, வண்டல் 35, களி 25 சதவீதம். இதில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு கழுவிய மணல் சேர்த்தால் மணல் 55 சதவீதமாகும். களி 19க்கு இறங்கும். இதுவே வேண்டிய கலவை. களி அதிகமானால் காய்ந்து கல்லாகும். மணல் அதிகமானால் சரியும்.

கைப்பக்குவம் இன்னும் எளியது. ஒரு பிடி ஈர மண்ணை இறுக்கிப் பிடித்து விரலைத் திறந்தால் ரேகை பதிந்த உருண்டையாக நிற்க வேண்டும். கட்டைவிரலால் தட்டினால் இரண்டாக உடைய வேண்டும். உடையாமல் நசுங்கினால் நீர் அதிகம். பிடிக்கும்போதே உதிர்ந்தால் குறைவு.

இவ்வளவும் தெரிந்திருந்தும் முதல் முறை தவறு நேர்ந்தது. ஏறத்தாழ 1,700 லிட்டர் மண்ணைச் சலித்துச் சுமக்கும் சிரமத்தைக் குறைக்க, மேல் 30 செ.மீ.க்கு மூட்டையில் வரும் தொட்டிச்செடிக் கலவை பயன்படுத்தப்பட்டது. உரம் கலக்காதது என்று பார்த்துத்தான் வாங்கினார்கள். ஆனால் அதில் பாதிக்கு மேல் மக்கிய மரத்தூளும் நார்த்தூளும்.

அடி மண் 10 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் 25 லிட்டர் அளவில் நீர் தெளித்து, பலகையால் இடித்து இறுக்கப்பட்டது. மொத்தமாகக் கொட்டிவிட்டு மேலே நீர் ஊற்றினால் அடியில் காய்ந்த மண்ணும் மேலே சேறும்தான் மிஞ்சும். பின் மூலைகள் இரண்டிலும் துளையிட்ட பி.வி.சி. குழாய் செங்குத்தாக நடப்பட்டது. பிறகு ஈரம் சேர்ப்பது அதன் வழியே, அடியிலிருந்து.

கனமான எதுவும் மண்ணின் மேல் உட்காரவில்லை. குளிர்காயும் மேடையின் நான்கு கால்களும் மண்ணைத் துளைத்துக் கூண்டின் அடித்தரையில், ரப்பர் விரிப்பு கிழியாதபடி போட்ட இரட்டை மடிப்புத் துண்டுகளின் மேல் நிற்கின்றன. பாறையையோ பருத்த கட்டையையோ மண்ணின் மேல் வைத்தால் உடும்பு அதன் அடியில்தான் தோண்டும். ஒரு நாள் அந்தப் பாரம் அப்படியே உடும்பின் மேல் இறங்கிவிடும்.

வெப்பமும் வெளிச்சமும்

மேடை என்பது ரீட்டிஸ் அடுக்கு என்று வளர்ப்பாளர்கள் அழைக்கும் அமைப்பு: 60 × 45 செ.மீ. பலகைகள் ஐந்து, இடையில் 4 முதல் 6 செ.மீ. சந்து. மேல் பலகையில் 58 டிகிரி, ஒவ்வொரு சந்தாக இறங்கி அடியில் 32. ஒளிந்தபடியே உடும்பு தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தேர்ந்துகொள்ளும்.

மேடைக்கு மேல் அகல ஒளி வீசும் 80 வாட் ஹாலோஜன் விளக்குகள் நான்கு, இரண்டுக்கு இரண்டாக, 18 செ.மீ. இடைவெளியில், பீங்கான் ஹோல்டர்களில். விளக்குகளுக்குக் கம்பிக் காப்பு உண்டு. முதல் ஓட்டத்தில் நடுவில் 68 டிகிரி வந்தது. 32 செ.மீ. உயரத்தை 38ஆக்கி, டிம்மரால் சற்றுத் தணித்ததும் நடு 60, ஓரம் 52, பரப்பு 45 × 40 செ.மீ. என்று நின்றது. அளக்கும்போது துப்பாக்கி வெப்பமானியைப் பலகைக்கு ஒரு சாண் தூரத்தில், நேர் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்று அளந்தால் அது காட்டுவது கண்ணாடியின் வெப்பத்தை.

தெர்மோஸ்டாட் இங்கே காவலுக்கு மட்டும். உணரி சூடான பக்கத்துக் காற்றில், உடும்புக்கு எட்டாத உயரத்தில். 42 டிகிரி தாண்டினால் விளக்குகள் அணையும். சூடான பக்கக் காற்று 36, குளிர்ந்த பக்கம் 25 முதல் 26. யு.வி.பி. 54 வாட் டி5 குழல்விளக்கு கூண்டுக்கு உள்ளேயே, வலை எதுவும் இல்லாமல். குளிர்காயும் இடத்தில் யு.வி. குறியீடு 3 முதல் 4. பழைய ஏற்பாட்டில் வலை மட்டுமே இந்தக் கதிரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தடுத்திருக்கும். இரவில் எல்லாம் அணையும். இத்தனை மண் பகலில் வாங்கிய சூட்டை வைத்துக்கொள்வதால் காற்று 24க்குக் கீழே போகவில்லை.

தண்ணீருக்கு முதலில் 25 லிட்டர் தொட்டி திட்டமிடப்பட்டது. உடும்பு தண்ணீரில்தான் மலம் கழிக்கும், தினமும் மாற்ற வேண்டும், 25 கிலோவை நாள்தோறும் தூக்குவது நடக்காத காரியம். 14 லிட்டர் தொட்டிகள் இரண்டு வாங்கி மாற்றி மாற்றி வைக்கிறார்கள்.

ஒன்பதாம் நாள்

புதுக் கூண்டில் முதல் நான்கு நாள் உடும்பு மேடையின் சந்தை விட்டு வரவில்லை. யாரும் தொந்தரவு செய்யவில்லை, உணவும் வைக்கவில்லை. ஆறாம் நாள் தோண்டத் தொடங்கியது. ஒன்பதாம் நாள் காலை, வளை இருந்த இடத்தில் மண் கிண்ணம்போல் உள்வாங்கியிருந்தது. உடும்பு ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே வெளியே வந்தது. இடது மூக்குத் துளையில் நார்த்தூள் அடைத்து, அதே பக்கக் கண் வீங்கியிருந்தது. உப்புநீரால் கழுவி, மூன்று நாள் கண்மருந்து விட்டதும் ஆறிவிட்டது.

சரிந்தது மேல் 30 செ.மீ. கலவை. நார்த்தூள் ஈரத்தைப் பிடிக்கும், ஒன்றையொன்று பிடிக்காது. காயக் காயச் சுருங்கும். மக்க மக்க இடம் காலியாகும். உடும்பைப் பழைய தொட்டிக்கு மாற்றிவிட்டு, 860 லிட்டர் கலவையை அள்ளி வெளியேற்றி, சோதித்த அதே மண்–மணல் கலவையால் நிரப்பப் பதினோரு நாள் பிடித்தது. இம்முறை, தொடக்கம் கொடுப்பதற்காக, ஒரு பலகை சாய்வாகப் புதைக்கப்பட்டு அதன் அடியில் ஒரு முழ நீளத்துக்கு வெற்றிடம் விடப்பட்டது.

பின்னர் நடந்தவை

இரண்டாம் முறை குடியேறிய ஐந்தாம் வாரத்தில் வளை 110 செ.மீ. நீளம், 35 செ.மீ. ஆழத்தில் ஒரு அறையோடு நிலைத்தது. நீளக் கம்பியில் கட்டி உள்ளே செலுத்திய ஈரப்பதமானி 91 சதவீதம் காட்டியது. கூண்டின் மேல் காற்றிலோ 50தான். எட்டாம் வாரக் கேமரா பதிவில் கண்ணாடி பிறாண்டுதல் இல்லை. குளிர்காய்வது ஒரு தடவைக்குப் பன்னிரண்டு முதல் இருபது நிமிடம், நாளில் நான்கைந்து தடவை. வால் நுனி 4 செ.மீ. உதிர்ந்தது, விரல் அத்தனையும் பிழைத்தன.

உணவு சிள்வண்டு, வளர்ப்புக் கரப்பான், வெட்டுக்கிளி, நத்தை என்று மாறியது. சுண்ணாம்புச்சத்துத் தூள் தூவி. எலி மாதம் ஒன்று. எடை மூன்றாம் மாதம் 1,180 கிராம், ஆறாம் மாதம் 1,120. நீளம் அதற்குள் 74 செ.மீ. நான்காம் மாதப் பரிசோதனையில் யூரிக் அமிலம் வரம்புக்குள் வந்தது. எடைக் குறைவுக்கு உணவு மட்டும் காரணமல்ல. சரியான உடல் வெப்பமும் தோண்டும் உழைப்பும் இல்லாமல் வெறும் உணவைக் குறைத்தால் விலங்கு சோர்ந்துபோகும், கொழுப்பு அப்படியே இருக்கும்.

ஏழாம் மாதம் உடும்பு பத்து நாள் ஒரே இடத்தில் தோண்டித் தோண்டி மூடியது. பிறகு வயிறு ஒட்டிய நிலையில் வெளியே வந்தது. குளிர்காயும் மேடைக்குச் சற்றுத் தள்ளி, 40 செ.மீ. ஆழத்தில், 29 டிகிரி மண்ணில் 19 முட்டைகள் இருந்தன, கரு இல்லாதவை. அதுவரை அது ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. முட்டையிட ஏற்ற ஆழமும் சூடும் ஈரமும் கிடைக்காத பெண் உடும்பு முட்டைகளை உள்ளேயே தேக்கி வைத்து, அறுவை சிகிச்சை வரை போவதும் இறப்பதும் உண்டு. 8 செ.மீ. மரத்துகள் இருந்த தொட்டியில் இந்த ஏழாம் மாதம் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை மருத்துவர் வளர்ப்பவர்களிடம் மறைக்காமல் சொன்னார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பெண்ணாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடே தொடக்கத்தில் மண்ணின் வெப்பத்தைத் திட்டமிட்டிருக்க வேண்டும். இங்கே 29 டிகிரி கிடைத்தது பாதி தற்செயல். மேடைக்கு அருகில் 20, 40 செ.மீ. ஆழங்களில் இரண்டு உணரிகளை மண் நிரப்பும்போதே புதைத்துவிடுவது எளிது. பிறகு செய்வது கடினம்.

கதவு முன்பக்கம் மட்டுமே என்பது தவறு. 120 செ.மீ. அகலத்தில் பின்சுவர் வரை மனிதக் கை எட்டாது. முட்டைகளை எடுக்க ஒருவர் உள்ளே இறங்கி மண்டியிட வேண்டி வந்தது. வளையின் ஒரு பகுதி அதில் அழுந்தியது. குறுகிய பக்கச் சுவரில் 50 × 50 செ.மீ. கதவு ஒன்று இப்போது வெட்டிப் பொருத்தப்பட்டிருக்கிறது. கட்டும்போதே செய்திருந்தால் எபாக்சியை மீண்டும் பூசிக் காயவைக்கும் இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும்.

குழாய் வழியாக நீர் ஊற்றும் அளவு இப்போது வாரம் 10 லிட்டர். முதல் மாதங்களில் மண் காய்ந்துவிடுமோ என்ற பயத்தில் 20 ஊற்றியதில் அடி மூலையில் நீர் தேங்கி நாற்றம் வந்தது. ரப்பர் விரிப்புக்கு வடிகால் கிடையாது. ஊற்றியது வெளியே போகும் ஒரே வழி ஆவியாவது. குழாய்க்குள் ஒரு நீளக் குச்சியை விட்டு எடுத்து, நுனி நனைந்திருந்தால் அந்த வாரம் ஊற்றுவதில்லை.